மயிலையிலிருந்து மருந்தீசர் வரை

"ஒரு சப்பாத்தி தின்றால் உடம்புக்கு வருகிற வியாதி உலகத்திலே உண்டாடா?" என்று கேட்டாள் என் அத்தை.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அத்தையின் வீடு. ஊஞ்சலில் உட்கார்ந்தபடிதான் அவள் கேள்விகள் கேட்பது வழக்கம். இந்தக் கேள்விக்குக் காரணம், டில்லியிலிருந்து மாற்றலாகி வந்த அத்தானின் பெண். வயது ஒன்பது. இரண்டு வருஷம் முன்பு வரை அந்தக் குழந்தை எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும், பேதியாகும், உயரம் ஏறவே இல்லை. ரத்தம் சோதித்து, குடலிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பார்த்து, "சீலியாக் நோய், கோதுமை ஆயுளுக்கும் கூடாது" என்று டில்லி டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கோதுமையை நிறுத்திய பிறகு குழந்தை மளமளவென்று வளர்ந்தாள்.

அத்தைக்கு அதெல்லாம் திருப்தி இல்லை. "இதற்குக் கிரகணி என்று பெயர். ஆயுர்வேதத்தில் மருந்து இருக்காம். நீ பத்திரிகைக்காரன், நாலு இடம் போய் விசாரிச்சுண்டு வா. அவள் ஒரே ஒரு பூரியாவது சாப்பிட்டு நான் கண்ணால் பார்க்கணும்" என்றாள்.

அத்தையின் கட்டளையை மீறுகிற தைரியம் எனக்கு ஏது? குழந்தையையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கச்சேரி ரோடு

மயிலாப்பூரில் மருந்து என்றால் கால்கள் தாமாகவே கச்சேரி ரோட்டுக்குத் திரும்பும். அங்கேதான் 'டப்பா செட்டி கடை' இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக, தீபாவளி லேகியத்துக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இந்த ஊர் நம்பியிருக்கும் கடை. சுக்கு, திப்பிலி, ஓமம், கோரைக்கிழங்கு எல்லாம் கலந்த ஒரு வாசனை வாசலிலேயே நம்மை வரவேற்கும். "மாமா, இந்த வாசனையே காரமாக இருக்கு!" என்றாள் குழந்தை.

மயிலாப்பூருக்கும் ஆயுர்வேதத்துக்கும் உறவு பழையது. வக்கீலாக இருந்து பிறகு ஹைகோர்ட் ஜட்ஜான வி. கிருஷ்ணசாமி அய்யர், 1905-ல் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையை இங்கே ஏற்படுத்தினார். மறு வருஷமே சம்ஸ்கிருதக் கல்லூரியையும் தொடங்கினார். பாஷையும் வைத்தியமும் இரட்டைக் குழந்தைகள் என்று அவர் நினைத்தார் போலும்.

நான் பார்க்கப் போன வைத்தியர் வயதானவர். குழந்தையின் நாடியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், டில்லிக் காகிதங்களையும் பொறுமையாகப் படித்தார்.

"சரக சம்ஹிதையில் சிகிச்சா ஸ்தானம் 15-ம் அத்தியாயம் முழுவதும் கிரகணியைப் பற்றியதுதான். ஜாடராக்னி மந்தமானால் அன்னம் பக்குவமாகாமல் கழியும் என்கிறார் சரகர். அதற்கு அவர் கொண்டாடுகிற ஔஷதம் என்ன தெரியுமோ? மோர்!" என்றார்.

"அப்படியானால் மருந்து இருக்கிறது?" என்று ஆவலோடு கேட்டேன்.

"நிறைய இருக்கிறது. தக்ராரிஷ்டம், தாடிமாஷ்டக சூரணம், வில்வக்காய், கோரைக்கிழங்கு, சுக்கு என்று. பசி எடுக்க வைக்கும், உப்புசத்தைக் குறைக்கும். ஆனால் ஒன்று. கிரகணி என்பது பெரிய குடை. அதன் கீழ் பல வியாதிகள் நிற்கலாம். இந்தக் குழந்தையின் வியாதி அதில் ஒன்றாக இருக்கலாமே தவிர, இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். பழைய நூல்கள் கோதுமையைப் பலம் தரும் தானியம் என்றுதான் புகழ்கின்றன. கோதுமையே விஷமாகிற உடம்பு ஒன்று உண்டு என்பது பின்னால் தெரிந்த விஷயம்."

"மருந்து சாப்பிட்டுக்கொண்டே கொஞ்சம் கோதுமை...?"

வைத்தியரின் குரல் சற்றே உயர்ந்தது. "எங்கள் சாஸ்திரத்தில் முதல் சிகிச்சை 'நிதான பரிவர்ஜனம்'. அதாவது, நோய்க்குக் காரணமானதை விலக்குவது. முள்ளைக் காலிலேயே வைத்துக்கொண்டு களிம்பு தடவுவார்களா?"

பிறகு அவரே இரண்டு எச்சரிக்கைகள் செய்தார். கிரகணிக்குக் கொடுக்கிற பர்ப்படி வகைகளில் பாதரசம் சேர்வதுண்டு. குழந்தைக்கு யாராவது சொன்னார்கள் என்று வாங்கிக் கொடுக்கக் கூடாது. வயிறு சரியில்லை என்றதும் நம் வீடுகளில் பார்லிக் கஞ்சி காய்ச்சுவார்களே, அதுவும் கூடாது. கோதுமையில் உள்ள 'குளூட்டன்' என்ற புரதத்தின் உறவுக்காரன்தான் பார்லியிலும் இருக்கிறான். மோர், அரிசிக் கஞ்சி, மாதுளை இவற்றை மட்டும் சிபாரிசு செய்து அனுப்பி வைத்தார்.

பனகல் பார்க்

அடுத்து தியாகராய நகர். பனகல் பார்க்கைச் சுற்றி ஜவுளிக்கடைக் கூட்டத்தில் நீந்துகிறவர்கள், பார்க்குக்கும் பக்கத்து உஸ்மான் ரோட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை யோசிப்பதில்லை. சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜா காலத்தில், 1921-ல், நாட்டு வைத்திய முறைகளை ஆராய ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. அதன் தலைவர் முகம்மது உஸ்மான். காரியதரிசி, மேல்நாட்டு வைத்தியம் படித்த கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. அந்தக் கமிட்டியின் பயனாகத்தான் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் சர்க்கார் பள்ளி சென்னையில் தோன்றியது. கேப்டனே அதன் தலைமையை ஏற்றார்.

பார்க் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்கு ஒரு கதை சொன்னேன். இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலம், 1944-45. ஹாலந்து தேசத்தில் கடும் பஞ்சம், ரொட்டியே கிடையாது. ஊரெல்லாம் மெலிந்தபோது, சீலியாக் நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்தது. நோயும் திரும்பி வந்தது. கோதுமையின் மேல் முன்பே சந்தேகம் கொண்டிருந்த டிக்கே என்ற குழந்தை வைத்தியர், 1950-ல் அதை ஆராய்ச்சியாக எழுதி நிலைநாட்டினார். குளூட்டனைக் கண்டதும் உடம்பின் காவல் படை குடலின் மேலேயே பாய்கிறது. ஆகாரத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல்கள் போன்ற பாகங்கள் ஆடு மேய்ந்த புல்தரை மாதிரி மழுங்கிப் போகின்றன. கோதுமையை விட்டால் அவை மறுபடி துளிர்க்கின்றன. அதை விட்டால் வேறு சிகிச்சை இன்றுவரை நிரூபணமாகவில்லை.

"இங்கே வேறு யாருக்கும் இது இல்லையா மாமா?" என்று கேட்டாள்.

உண்டு, ஆனால் குறைவு. 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வடக்கே சுமார் நூற்றில் ஒருவருக்கும், தெற்கே சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கும் இதன் அடையாளம் இருப்பதாகக் கண்டார்கள். பரம்பரையாக வரும் சாய்வு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஓர் ஆள் நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம்தான். இப்போது நாமும் ராத்திரிக்குச் சப்பாத்தி, வழியில் பரோட்டா என்று ஆகிவிட்டோம். ஆகவே, இந்தச் சந்தேகம் வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சோதனையில் நோய் ஒளிந்துகொள்ளும்.

பசி வந்தது. ஓட்டல் ஒன்றில் நுழைந்தோம். இட்லி, பொங்கல் சரி. தோசை? "ரவா தோசை வார்த்த கல்லிலேயே இதையும் வார்ப்பீர்களா?" என்று குழந்தை கேட்டாள். சர்வர் திகைத்துப் போனார். சாம்பாரையும் அவள் ஒதுக்கி வைத்தாள். சென்னைக்கு வந்த முதல் வாரத்தில், உறவினர் வீட்டு ரசம் அவளை இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டதாம். ரசத்தில் கோதுமை ஏது? பெருங்காயத்தில்! கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். டப்பாவின் மேல் பொடி எழுத்தில் போட்டும் இருக்கிறது. யார் படிக்கிறோம்?

ஒன்பது வயதுக் குழந்தை சட்னியை மட்டும் தொட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு இட்லி சாப்பிட்டதைப் பார்த்தபோது, எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது.

திருவான்மியூர்

மயிலைக்குத் திரும்பி, பறக்கும் ரயிலில் ஏறினோம். அடையாற்றைத் தாண்டி, கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் கடந்தால் திருவான்மியூர். ஹாலந்தில் ரொட்டி மறைந்த அதே 1944-ல், கேப்டன் சீனிவாசமூர்த்தி முன்னின்று தொடங்கிய நாட்டு வைத்தியர்களின் கூட்டுறவு மருந்து நிலையமான 'இம்ப்காப்ஸ்' இங்கேதான் இருக்கிறது. சற்றுத் தள்ளி மருந்தீசுவரர் கோயில். அகஸ்தியருக்கு ஈசன் மூலிகைகளின் ரகசியத்தை உபதேசித்த ஸ்தலம் என்பது ஐதீகம்.

பிராகாரத்தில் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "என்ன வேண்டிக்கொண்டாய்?" என்று கேட்டேன். "பாட்டி என்னைப் பார்த்து அழாமல் இருக்கணும்" என்றாள்.

அன்று மாலை, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் அத்தையிடம் ஒப்பித்தேன், குழந்தையின் வேண்டுதலையும்தான். ஊஞ்சல் நின்றுவிட்டது. வெகுநேரம் அத்தை பேசவில்லை. பிறகு எழுந்து சமையலறைக்குள் போனாள். பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பொடி எழுத்தைப் படித்தாள். டப்பா குப்பைக் கூடைக்குள் விழுந்தது.

"நாளைக்குக் கலப்பில்லாத பெருங்காயம் வாங்கிண்டு வா. மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைப் போடுவான்; இனிமேல் மாவு வீட்டிலேயே அரைச்சுக்கலாம். தினையும் கேழ்வரகும் எதற்கு இருக்கு? பூரியாம், பூரி! அது என்ன நம்மாத்துப் பலகாரமா?" என்றாள்.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் அடை. ஒரு டம்ளர் மோர். எனக்கும் கிடைத்தது.