தாய்லாந்துச் சிறு நகர் இரவுகள்

தமிழருக்குச் சயாம் புதிய நாடு அன்று. அதன் மேலைக் கடற்கரையில் தக்குவாபா என்னும் ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளம் மணிக்கிராமத்தார் முதலியோர் காவலில் விடப்பட்ட செய்தியை அது கூறுகிறது. பாங்காக் அரசவைப் பிராமணர் நம் திருவெம்பாவையைத் தம் நாவுக்கு வந்தவாறு ஓதி வருகின்றனர். 1942-43-இல் சயாம்-பர்மா இரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட மலாயாத் தமிழருள் பல்லாயிரவர் திரும்பி வரவே இல்லை. இத்தனையும் நம் கதைதான். ஆயினும், "தாய்லாந்து போகிறேன்" என்று விடுதியில் சொல்லிப் பாருங்கள். கல்வெட்டு எவர் நினைவுக்கும் வராது. ஒரு கண்சிமிட்டல் வரும். முதுகில் ஒரு தட்டு விழும். "நடத்து, நடத்து" என்று ஒரு வாழ்த்தும் கிடைக்கும்.

2025 ஜனவரியில், வடகிழக்குத் தாய்லாந்தில் உள்ள கோன்கேன் நகரில் நடந்த ஒரு குளிர்காலப் பள்ளிக்கு நான் புறப்பட்டபோது எனக்கும் அவை யாவும் கிடைத்தன. கண் சிமிட்டிய நண்பர்கள் நல்லவர்கள். ஆனால், என்னைப் பற்றி ஒன்றை அவர்கள் அறியார்கள். நான் ஆண்களை விரும்பும் ஆண். தன்பாலீர்ப்பு என்று இதனை இன்று தமிழில் சொல்கிறோம். இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தமிழக அரசே 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. சொல் வந்துவிட்டது. அதை நம் சங்கத்துக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து சொல்லும் நாள்தான் இன்னும் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தன்பாலீர்ப்புடையவர்கள் தாய்லாந்து செல்வதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதெல்லாம் பாங்காக்கின் சீலோம் சாலையும் பட்டாயாக் கடற்கரையும்தான். சீலோம் சாலையில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அதே சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் நம்மவர் கூடும் மதுக்கூடங்களும் இருக்கின்றன. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால், அந்நாட்டில் பாங்காக்கையும் சேர்த்து 77 மாகாணங்கள் உள்ளன. மற்ற மாகாணங்களில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும், வேலைக்கும், புத்தர் கோயிலுக்கும் போய்வரும் ஆண்கள் இரவில் எங்கே கூடுகிறார்கள்? திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவனுக்கு இக்கேள்விதான் பெரிதாகப் பட்டது.

கோன்கேன் பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அந்தப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். வீடு கட்டும்போது நம் பெரியவர்கள் ஈசானிய மூலை என்பார்களே, அதே சொல்; அதே வடகிழக்குத் திசை. மண் வறண்டது, மழையை நம்பிய விவசாயம். இளைஞர்கள் பிழைப்புக்குத் தலைநகர் போகிறார்கள். அங்கே அவர்களுடைய பேச்சும் உணவும் நையாண்டிக்கு உள்ளாகின்றன. வடநாட்டில் வாழும் தமிழ் மாணவருக்கு இதை விளக்க வேண்டுமோ?

என்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த உள்ளூர் மாணவர் ஒருவர் முதல் சனிக்கிழமை இரவே என்னை அழைத்துச் சென்றார். தனியே விளக்குப் போட்ட தெருவையும், வாயிலில் வண்ணக்கொடி கட்டிய கடையையும் நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. போனது ஊரார் எல்லாரும் போகும் இசைக்கூடம். மேடையில் வாத்தியக் குழு. கீழே உயரமான சிறு மேசைகள். கல்லூரிப் பெண்கள் ஒரு மேசை, வங்கி ஊழியர் ஒரு மேசை, நம்மவர் ஒரு மேசை. அவ்வளவுதான் வேறுபாடு. சிறு நகரங்களில் நமக்கென்று தனிக்கூடம் இருப்பது அரிது. இருந்தாலும் சில ஆண்டுகளில் மூடிவிடும். கடையை விட மேசைதான் நிலையானது என்று தெரிந்துகொண்டேன்.

மேசைக்கும் ஒரு முறைமை உண்டு. ஒரு புட்டி விஸ்கி, சோடா, ஒரு வாளி பனிக்கட்டி ஆகியவற்றை எல்லாரும் பங்கிட்டு வாங்குவார்கள். மிஞ்சிய புட்டியைக் கடையிலேயே பெயர் எழுதி ஒப்படைத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான் குடிப்பவன் அல்லன். எனக்குச் சோடாவும் பனிக்கட்டியும் வந்தன. எவரும் வற்புறுத்தவில்லை. மூத்தவரைப் 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் அழைக்கிறார்கள். அண்ணன், அக்கா இருவர்க்கும் ஒரே சொல் 'பீ'. தம்பி, தங்கை இருவர்க்கும் ஒரே சொல் 'நோங்'. அறிமுகமான ஐந்தாம் நிமிடத்தில் எனக்கு நான்கு 'பீ'க்கள் இருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் கூடம் மூடியதும் எல்லாரும் கஞ்சிக்கடைக்குப் போனோம். ஆம், கஞ்சிதான். அரிசிக் கஞ்சியும் தொட்டுக்கொள்ள உப்பிட்ட முட்டையும். அங்கே உட்கார்ந்து, யார் யாரை விட்டுப் பிரிந்தார், யார் பாங்காக் போய்த் திரும்பவில்லை என்ற பேச்சு. சொற்கள் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் அந்தப் பேச்சு விளங்கிற்று.

என்னை மிகவும் அசைத்தது வேறோர் இரவு. ஈசானில் 'மோலம்' என்ற பாட்டுக்கூத்து உண்டு. மழைக்காலத் தவம் முடிந்தபின் தொடங்கி அடுத்த மழை வரை ஊர் ஊராகப் பெருங்குழுக்கள் செல்லும். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். நம் ஊர்க் கோயில் கொடைக்கு விடிய விடியக் கூத்து நடக்குமே, அதைப் போன்றது என்க. திடலில் பாய் விரித்துப் பாட்டிமார் உட்கார்ந்திருந்தனர், குழந்தைகள் தூங்கின, ஒட்டரிசிச் சோறும் பொரித்த கோழியும் கை மாறின. மேடைக்கு நேர் முன்னே ஒரு கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் 'கதோய்' என்று அந்நாட்டார் அழைக்கும் திருநங்கையரும், பெண்மை மிக்க ஆண்களும். மேடை முன்னிடம் அவர்களுக்கு உரியது என்பது ஊர் அறிந்த வழக்கம். ஆடி வியர்த்து ஒருவர் வெளியே வந்தார். பாயில் இருந்த அம்மாள் ஒருவர் தண்ணீர்ப் புட்டியை நீட்டி, துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, ஏதோ கடிந்து சொன்னார். என்ன சொன்னார் என்று நண்பரைக் கேட்டேன். "சாப்பிடாமல் ஆடாதே என்கிறார், அவருடைய தாய்" என்றார்.

நான் சற்று நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மதுக்கூடங்களில் விடுதலை உண்டு என்று படித்திருக்கிறேன். தாய் விரித்த பாயின் ஓரத்திலும் அது இருக்கும் என்று எங்கும் படித்ததில்லை.

அந்நாட்டைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அறிவியல் மாணவன் கண்டதை முழுதும் எழுத வேண்டும். கோன்கேன் மேசையில் அமர்ந்த ஒருவர், சுமார் 115 கிலோமீட்டர் வடக்கே உடோன் தானியில் பள்ளி ஆசிரியர். தம் மாணவரின் பெற்றோர் கண்ணில் படக்கூடாது என்றே சனிக்கிழமை தோறும் அவ்வளவு தொலைவு வருகிறார். உடோனிலும் இரவு வாழ்க்கைக்குக் குறைவில்லை. வியட்நாம் போர்க் காலத்தில் அங்கே அமெரிக்க விமானத் தளம் இருந்தது. அந்நியருக்கான மதுக்கடைகள் அப்போதே முளைத்துவிட்டன. இன்றும் அந்நியர் இரவு வேறு, ஊரார் இரவு வேறு. முன்னதில் சிரிப்புக்கும் விலை உண்டு. வறுமையால் அங்கே நிற்கும் இளைஞனைப் பார்த்து, "இந்நாட்டார் எவ்வளவு தாராளம்!" என்று வியக்கும் பயணி எதையும் பார்க்கவில்லை என்பேன். மேடை முன் ஆடிய திருநங்கையரின் அடையாள அட்டையில் இன்னும் ஆண் என்றே இருக்கிறது. அதை மாற்ற வழி செய்யும் சட்ட முன்வரைவை அந்நாட்டு மக்களவை 2024 பிப்ரவரியில் தள்ளிவிட்டது.

ஆயினும் சட்டம் ஓரடி நடந்தால் சிறு நகரம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் கண்டேன். ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய விதியை அவர்கள் 1956-லேயே நீக்கிவிட்டனர். ஒருபால் திருமணச் சட்டம் 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அதுவே முதல். ஆசியாவில் தைவானுக்கும் நேப்பாளத்துக்கும் பின் மூன்றாவது. முதல் நாளிலேயே நாடு முழுவதும் 1,800-க்கு மேற்பட்ட இணையர் பதிவு செய்துகொண்டனர். தலைநகரில் மட்டுமா? இல்லை. நம் தாலுகா அலுவலகம் போன்ற 'அம்போ' அலுவலகம் ஒவ்வொன்றிலும் அப்பதிவு நடக்கும். அவ்வாரம் எங்கள் மேசையில் பேச்சு அதுவே. ஐம்பதை நெருங்கிய இருவர், இருபது ஆண்டு ஒன்றாய் வாழ்ந்தவர்கள், எந்தச் சட்டையை அணிவது என்று சண்டையிட்டனர். புரட்சி என்றால் முழக்கம் என்றே எண்ணியிருந்தேன். சட்டையைப் பற்றிய சண்டையாகவும் அது வரும் போலும்!

பள்ளி முடிந்ததும் தெற்கே ஹாட்யாய் சென்றேன். அங்கிருந்து எல்லை கடந்து பினாங்கு. பினாங்கிலிருந்து சென்னைக்கு விமானம். ஹாட்யாய் மலேசிய எல்லைக்கு அருகில் உள்ள வணிக நகரம். வார இறுதியில் மலேசியர் வந்து குவிகின்றனர். அவர்களுள் தமிழரும் உண்டு. இரவு ஒரு தேநீர்க் கடையில் என் கைப்பேசியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். வைத்ததும் அடுத்த மேசையிலிருந்து, "தம்பி, எந்த ஊரு?" என்று ஒரு குரல் கேட்டது. கெடா மாநிலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், மனைவி, மக்கள் உடையவர். சிறிது நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டோம். எப்படி என்று கேட்காதீர்கள். நம்மவர்க்கு அது தெரியும்.

"மாசத்துல ஒரு ராத்திரி இங்க வருவேன் தம்பி. காலையில திரும்பிடுவேன். அந்த ஒரு ராத்திரிதான் எனக்கு" என்றார். அவர் நாட்டுச் சட்டப்படி 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. நம் நாட்டு 377-ஆம் பிரிவும் அவர் நாட்டுச் சட்டமும் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற ஒரே விதையின் இரு செடிகள். நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அதன் வேரை அறுத்தது. இதை அவரிடம் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்போ உங்க ஊருல பயம் இல்லையே, தம்பி? நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"படிக்க வந்தேன் அண்ணே" என்றேன். அது உண்மைதான். ஆனால், அவர் கேட்டது அதை அன்று. அவருக்குச் சட்டம் தடை. எனக்கு எது தடை? 2023 அக்டோபரில் நம் நீதிமன்றம் திருமண உரிமையை மறுத்தது என்பது மெய்யே. ஆனால், என்னோடு ஒரே பந்தியில் பொங்கல் உண்ணும் நண்பரிடம் என்னைச் சொல்லாமல் இருக்க எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லையே! கோன்கேனில் நான் அஞ்சாமல் அமர்ந்திருந்தேன். பேச என் மொழி இல்லை. இங்கே, இந்தி வெள்ளத்தின் நடுவே, வாரம் ஒருமுறை நம் சங்கத்தில் என் மொழி கிடைக்கிறது. அஞ்சாமல் அமர இயலவில்லை. ஹாட்யாயில் அந்த ஒரு மணி நேரம்தான் இரண்டும் ஒருங்கே கிடைத்தன. அதற்குக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

நண்பர்களே, நம் சங்கம் மதுக்கூடம் திறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொடி ஏற்றவும் கேட்கவில்லை. நாடகத்தில் ஆள் சிரிக்க வேண்டும் என்பதற்காக ஒருவன் இடுப்பை ஒடித்து நடக்கும் காட்சி ஆண்டுதோறும் வருகிறது, அதை விட்டுவிடுவோம். புதிதாய் வரும் தம்பியிடம், "ஊரில் பெண் பார்த்தாயிற்றா?" என்பதற்குப் பதில், "உனக்கு யாரேனும் உண்டா?" என்று கேட்போம். சிறு மாற்றம்தான். ஆனால், அதைக் கேட்டவுடன் அவனுக்கு ஒரு மேசை கிடைத்துவிடும்.

இக்கட்டுரைக்குப் புனைபெயர் இடலாமே என்று இதழாசிரியர் அன்போடு கூறினார். வேண்டா என்றேன். இவ்விதழின் படி ஒன்றை ஆண்டுதோறும் என் தாயாருக்கு அனுப்புகிறேன். அவர் முன்னட்டை முதல் விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். என் பெயர் வந்த பக்கத்தைப் பக்கத்து வீட்டாருக்கும் காட்டுபவர். படித்துவிட்டு என்ன சொல்வாரோ, அறியேன். "சாப்பிட்டாயா?" என்று முதலில் கேட்பார் என்பது மட்டும் தெரியும். இவ்வாண்டும் அனுப்புவேன்.