கோசாயிகுண்டம் (நேபாளப் பயணத் தொடர் – 3)

கோசாயிகுண்டம் என்பது நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில், லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள், கடல் மட்டத்திலிருந்து 4,380 மீட்டர் உயரத்தில் உள்ள நன்னீர் ஏரி. பரப்பு 14 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் உறைந்தே கிடக்கும். ஆலகால விஷத்தை உண்ட சிவன் தொண்டை எரிச்சல் தாங்காமல் மலையில் சூலத்தைக் குத்தி வரவழைத்த நீர் இது என்பது தலபுராணம். இங்கிருந்து இறங்கும் நீர் சேரும் ஆற்றுக்குத் திரிசூலி என்று பெயர் வந்ததும் அதனால்தான் என்கிறார்கள். சரஸ்வதி குண்டம், பைரவ குண்டம், சூரிய குண்டம் என அக்கம்பக்கத்து ஏரிகளையும் சேர்த்து மொத்தம் 108 என்று சொல்வது வழக்கம். எண்ணிப் பார்த்தவர் யாரும் வழியில் அகப்படவில்லை. தேசியப் பூங்கா 1976இல் அமைக்கப்பட்டது. பரப்பு 1,710 சதுர கிலோமீட்டர். 2007இல் இந்த ஏரித் தொகுதி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

நடை தொடங்கும் ஊர் துன்சே. காட்மாண்டுவிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் பேருந்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. அந்தச் சாலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் பள்ளத்தைப் பார்த்துக் கொண்டும் மற்றவர்கள் கண்ணை மூடிக் கொண்டும் வந்தார்கள்.

துன்சேவுக்குள் நுழையும்முன் ராணுவச் சாவடியில் மூட்டை முடிச்சைப் பிரித்துக் காட்ட வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு அதில் பாதி. இந்தியருக்கு விசாவும் தேவையில்லை. இந்தச் சலுகைக்கு ஈடாக வழி நெடுக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: “ஐ.சி.யா, என்.சி.யா?” இந்தியப் பணமா, நேபாளப் பணமா என்பது பொருள். 1993 முதல் இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60 என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். எங்கே, எவ்வளவு உயரத்தில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த நிலை கொஞ்சம் ஆடும்.

துன்சே ஏறக்குறைய 2,000 மீட்டர். முதல் நாள் நடையின் முடிவில் வரும் சந்தன்பாரி 3,330 மீட்டர். ஒரே நாளில் 1,300 மீட்டர் ஏற்றம், அதுவும் மூச்சுவிட இடம் தராத செங்குத்து. கீழே பைன் மரங்கள், அதற்கு மேல் ஓக், பிறகு தேவதாரு இனத்து மரங்களும் நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸும். மார்ச், ஏப்ரலில் இந்தக் காடு சிவந்து நிற்கும். செம்பாண்டா வாழும் காடு இது. ஆனால் கூச்சம் மிகுந்த அந்தப் பிராணியை நேரில் பார்ப்பவர்கள் வெகு சிலரே. வழியில் தட்டுப்படுவதெல்லாம் அரிசி, எரிவாயு உருளை, நூடுல்ஸ் பெட்டி சுமந்து வரும் கோவேறு கழுதைகள். அவற்றுக்கு வழிவிடும்போது மலைப்பக்கம்தான் ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

சந்தன்பாரியில் ஒரு பழைய பௌத்த மடம், சில விடுதிகள், ஒரு சீஸ் தொழிற்கூடம். 1950களில் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் அனுப்பிய சுவிஸ் நிபுணர் ஒருவர் லாங்டாங்கில் தொடங்கிவைத்த தொழில் இது. யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பினமான சௌரியின் பால்தான் மூலப்பொருள். கடிக்கக் கடிக்க உப்பும் கொழுப்பும் வாயில் நிற்கும் கெட்டியான சீஸ். காட்மாண்டுக் கடைகளில் விற்பதைவிட மணம் அதிகம்.

இந்தப் பாதையில் அறை வாடகை அநேகமாக ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். விடுதிக்காரர்களின் வரும்படி சாப்பாட்டில் இருக்கிறது. தங்கும் இடத்தில்தான் இரவும் காலையும் சாப்பிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அதை அறியாத ஓர் ஐரோப்பிய இளைஞர் பக்கத்துக் கடையில் சூப் குடித்துவிட்டு வர, விடுதியம்மாள் அவருடைய பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். அம்மாளைத் தீதி, அதாவது அக்கா, என்று எல்லோரும் அழைத்தார்கள். தமாங் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். இளைஞர் மன்னிப்புக் கேட்டு ஒரு தால்பாத் சொன்ன பிறகே பை உள்ளே போனது. நியாயம் தீதி பக்கமே. வாடகை வாங்காமல் படுக்கையும் இரண்டு கம்பளியும் தருபவர் அடுப்பையாவது நம்பி இருக்க வேண்டாமா?

அந்தத் தால்பாத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பானையில் அரிசி எளிதில் வேகாது. ஆகவே அடுக்களையில் ராஜா பிரஷர் குக்கர்தான். மாலை ஆறு மணிக்கு அதன் விசில் கேட்டதும், அடுப்பைச் சுற்றிக் காலுறையைக் காயப்போட்டிருந்தவர்கள் எல்லோரும் மேஜைக்கு நகர்ந்தார்கள். பித்தளைத் தட்டில் நடுவே சோறு, கிண்ணத்தில் தண்ணீராக ஓடும் கறுப்பு உளுந்துப் பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கடுகுக்கீரை, காரமான முள்ளங்கி ஊறுகாய். பருப்பில் ஜிம்பு என்ற மலைப்புல்லை நெய்யில் வறுத்துக் கொட்டியிருந்தது. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இடைப்பட்ட வாசனை. சாம்பார் சாதத்துக்குப் பழகிய நாக்கு முதல் கவளத்தில் புளியைத் தேடும், மூன்றாவது கவளத்தில் தேடுவதை விட்டுவிடும். தட்டு காலியாகுமுன் தீதி கேட்காமலே மறுசோறு போட்டார். எத்தனை முறை போட்டாலும் விலை ஒன்றே.

காலையில் ரசீது வந்தது. சாப்பாடு, தேநீர், வெந்நீர், கைப்பேசி சார்ஜ் எல்லாம் சேர்த்து 960 நேபாள ரூபாய். இந்தியப் பணமாக 600 நீட்டியபோது தீதி தலையை ஆட்டி 640 கேட்டார். “ஒன்றுக்கு ஒன்றரைதான். இந்த நோட்டை நான் கீழே கொண்டுபோய் அல்லவா மாற்ற வேண்டும்?” ஒன்று அறுபது என்பது அரசாங்க விலை என்று எடுத்துச் சொல்லப்பட்டது. அரசாங்கம் கீழே இருக்கிறது என்று பதில் வந்தது. நாற்பது ரூபாய்க்காகக் கால் மணி நேர வாதம். கடைசியில் நாற்பதும் கொடுக்கப்பட்டது. தீதி ஒரு துண்டு சீஸைக் காகிதத்தில் சுற்றிப் பையில் திணித்தார். அதன் விலை நாற்பதுக்கு மேல் என்று கீழே வந்த பிறகுதான் தெரிந்தது.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடுக்களைகள் பளிச்சென்று இருக்கின்றன; பித்தளைப் பாத்திரங்கள் கண்ணாடி போல மின்னுகின்றன. கழிப்பறைகள் வேறு ரகம். முற்றத்தின் கோடியில் தகரக் கொட்டகை, நீல டிரம்மில் பனிக்கட்டி படிந்த தண்ணீர், அதை உடைக்க ஒரு கல். சார்ஜுக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கை அங்கே செலவிட்டால் பாராட்டலாம்.

மறுநாள் சோலாங்பாட்டி வரை காடு. அதற்கு மேல் மரம் கிடையாது. 3,900 மீட்டரில் உள்ள லௌரிபினாவில் மேகம் இல்லாத காலையில் மேற்கே கணேஷ் ஹிமால், மனாஸ்லு, அன்னபூர்ணா, வடக்கே லாங்டாங் லிருங் என்று வரிசையாகத் தெரியும். பத்து மணிக்குமேல் எதிரில் இருப்பவரே தெரிய மாட்டார்.

மலைநோய்க்கு இந்தப் பாதை பேர்போனது. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் வகுத்த கணக்கு. ஏரிக்கரையில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். திருவிழாவுக்கு ஓட்டமாய் ஏறிவரும் பக்தர்களை 1990களின் பிற்பகுதியில் நேபாள மருத்துவர்கள் பரிசோதித்தபோது பாதிக்கு மேற்பட்டோரிடம் மலைநோய் தென்பட்டது. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாட்டம் வந்தால் மூளையில் நீர் கோத்துவிட்டது என்று பொருள். உடனே கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. லௌரிபினாவில் ஓர் இரவு தங்குபவர்கள் சோம்பேறிகள் அல்ல, விவரம் தெரிந்தவர்கள்.

லௌரிபினாவுக்கு அப்பால் மலைச்சரிவை வெட்டிய ஒற்றையடிப் பாதை. முதலில் கீழே சரஸ்வதி குண்டம், அடுத்து பைரவ குண்டம், ஒரு சிறு ஏற்றம் ஏறியதும் கோசாயிகுண்டம். கரையில் ஒரு சிவலிங்கம், மணிகள், காற்றில் படபடக்கும் பௌத்தக் கொடிகள், நாலைந்து விடுதிகள். ஜனை பூர்ணிமா என்ற ஆவணிப் பௌர்ணமி, பெரும்பாலும் ஆகஸ்டில் வருவது, இங்கே பெருந்திருவிழா. தமிழ்நாட்டில் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றும் அதே நாளில் இங்கும் மாற்றுகிறார்கள். தமாங் பூசாரிகளான ஜாங்கிரிகள் உடுக்கையினும் பெரிய தோல்மேளம் கொட்டி ஆடிக்கொண்டே இரவெல்லாம் ஏறிவருவார்கள். மழைக்காலம், கீழ்க்காட்டில் அட்டைக்கடி உறுதி. வர முடியாதவர்கள் பாட்டன் நகரத்துக் கும்பேஸ்வரர் கோயில் குளத்தில் முழுகுகிறார்கள். இந்த ஏரியின் நீர் அங்கே ஊறுவதாக நம்பிக்கை. திருவிழா முடிந்த கரையில் மிஞ்சுவது ஈரத்துணியும் பிஸ்கட் உறையும். புண்ணியத்தோடு குப்பையையும் இறக்கி வைக்கிற பழக்கம் ராமேஸ்வரத்துக்கு மட்டும் உரியதல்ல.

ஏரிக்கு மேல் 4,610 மீட்டரில் லௌரிபினா கணவாய். அதைத் தாண்டினால் கோப்தே, தாரேபாட்டி வழியாகச் சுந்தரிஜலுக்கு இறங்கலாம். 1992 ஜூலை 31 அன்று தாய்லாந்து விமானம் மோதி 113 பேர் இறந்த மலைச்சரிவு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பனி விழுந்தால் அந்த வழி பிடிபடாது. வந்த வழியே திரும்புவது பாதுகாப்பு. முழங்கால் ஒத்துழைத்தால் ஒரே நாளில் துன்சே வந்துவிடலாம்.

போக விரும்புவோர் அக்டோபர், நவம்பரையோ மார்ச் முதல் மே வரையான மாதங்களையோ தேர்ந்தெடுக்கவும். நேபாளப் பணத்தைச் சில்லறையாகக் காட்மாண்டுவிலேயே மாற்றிக்கொள்ளவும். திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளவும்.