முப்பது வினாடியில் அணைந்த திரை

ரெகுலேட்டர் என்றதும் நம் சங்கத்து அன்பர்களுக்கு மின்விசிறியின் திருகுதான் நினைவுக்கு வரும். நாம் இங்கே சொல்லப் புகுவது வேறொன்று. கைப்பேசியிலும் சிறு கணினிப் பலகையிலும் நகத்தளவுச் சில்லாக அமர்ந்து, 5 வோல்ட்டை வாங்கி 3.3 ஆகவும் 1.8 ஆகவும் குறைத்து, அளவு பிசகாமல் பங்கிட்டுத் தரும் பொருள் அது. பலகையின் ஒவ்வோர் உறுப்பையும் இயக்குவது டிரைவர் எனப்படும் நிரல். (ரயில்வேயில் டிரைவர் லோகோ பைலட் ஆகிவிட்டார், கணினியில் அந்தப் பழைய பெயர் நிலைத்திருக்கிறது!)

மெட்ரிக்குடன் படிப்பை நிறுத்திய நமக்கு இதில் என்ன வேலை? கரக்பூரில் நம்முடன் வசிக்கும் தந்தையாருக்குத் தமிழ் ஒன்றே படிக்கத் தெரியும். பார்வையும் மங்கி வருகிறது. மருந்துச் சீட்டுகளிலோ ஆங்கிலமும் வங்காளமும். நாம் அலுவலகத்தில் இருந்த ஒரு பகலில் சர்க்கரை மாத்திரையை இருமுறை விழுங்கி மயங்கி வீழ்ந்தார். அண்டை வீட்டார் பார்த்ததால் பிழைத்தார். அதன்பின் லினக்ஸில் ஓடும் சிறு பலகையும் ஏழு அங்குலத் திரையும் வாங்கி, எவ்வேளைக்கு எந்த மாத்திரை என்று பெரிய தமிழ் எழுத்தில் காட்டுமாறு அமைத்தோம்.

திரை ஒளிர்ந்தது; அரை நிமிஷத்தில் அணைந்தது. எத்தனை முறை இயக்கினாலும் அதே கதி. “இதற்கும் என்னைப் போலக் கண் மங்கிவிட்டது போலும்” என்றார் தந்தையார். நமக்கோ வேறு ஐயம். பழுது இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. நேரம் தவறாமல் நிகழ்வதற்குப் பின்னால் ஏதோ ஒரு விதி இருக்கவேண்டும்.

விதி இருந்தது. 2008-இல் வுல்ஃப்சன் மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலிருந்த லியம் கிர்ட்வுட், மார்க் பிரவுன் முதலியோர் லினக்ஸுக்கு அளித்த ஏற்பாடு அது. நம் ஸ்டோர்ஸ் இண்டெண்ட் முறையே என்னலாம். டிரைவர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்; வேலை முடிந்தால் விட்டுவிடவேண்டும். எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு இருக்கும். கடைசி ஆள் விட்ட பின்பே மின்சாரம் நிற்கும். பலகையின் விவரப் பட்டியலில் குறித்த எல்லையைத் தாண்டி வோல்ட்டை ஏற்ற எந்த டிரைவருக்கும் அதிகாரமில்லை. கணினி எழுந்து சுமார் 30 வினாடி ஆனதும், எவரும் கேளாமல் ஓடிக்கொண்டிருக்கும் ரெகுலேட்டர்களைக் கெர்னல் அணைத்துவிடும்.

தொடக்க நிரலான பூட்லோடர் திறந்துவிட்ட மின்சாரத்தில்தான் நம் திரை ஒளிர்ந்தது. விற்றவர் தந்த டிரைவர் இண்டெண்ட் போடவேயில்லை!

பட்டியலில் ‘எப்போதும் ஓடுக’ என்று ஒரு சொல் சேர்த்தால் தொல்லை தீரும். அவசரக்காரர் செய்வதும் அதுவே. நமக்கு உடன்பாடில்லை. மின்வெட்டில் பாட்டரியைக் கொண்டு ஓடவேண்டிய சாதனம் இரவெல்லாம் வீணே ஒளிரலாமா? ஒன்பது இரவுகள் உட்கார்ந்து டிரைவரையே திருத்தினோம். தொடக்கத்தில் கேட்கச் செய்தோம். கிடைத்ததா என்று பார்த்து, இல்லையெனில் பிழை கூறி நிற்கச் செய்தோம். மின்சாரம் வந்த பின்னும் திரை நிலைகொள்ளச் சில மில்லிவினாடி பொறுக்கச் செய்தோம். உறங்கும்போது விடச் செய்தோம். இத்திரைக்கு இன்ன ரெகுலேட்டர் என்பதைப் பட்டியலிலும் எழுதினோம். எழுதாவிடில் கெர்னல் பொம்மை ரெகுலேட்டர் ஒன்றைக் கொடுத்து டிரைவரைத் திருப்தி செய்துவிடும். திரையோ மறுபடி அணையும். மாத்திரை நேர மணியும் அதே ரெகுலேட்டரில்தான். திரை உறங்கப் போனாலும், மணி அடித்து முடியும்வரை மின்சாரம் நிற்பதில்லை.

இப்போது இரவு பத்தரைக்குத் திரை உறங்குகிறது. விடியலில் தந்தையார் தொட்டதும் விழிக்கிறது. “சாப்பாட்டுக்கு முன், வெள்ளை மாத்திரை ஒன்று” என்று அவர் உரக்கப் படிப்பது அடுத்த அறையில் நமக்குக் கேட்கிறது. வீட்டில் முதியோர் உள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்கு வந்தால், எழுதிய வரிகளைப் படியெடுத்துத் தருவோம்.