ஜன்னலுக்கு முன் கட்டிலைக் கேளுங்கள்

சொகுசுக் கப்பலில் அறை பதிவு செய்யப் போகும் குடும்பம் டிராவல் ஏஜெண்டிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: கடல் தெரியுமா? ஜன்னல் உண்டா, பால்கனி உண்டா, அதற்கு எவ்வளவு கூடும் என்று பேச்சு அங்கேயே சுற்றிவரும். கட்டிலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கப்பல் அறையில் கட்டில் இல்லாமலா போகும் என்ற நினைப்பு. கட்டில் இருக்கும். ஆனால் எத்தனை இருக்கிறது, அதில் எத்தனை தரையில் நிற்கிறது, எத்தனை கூரையிலிருந்து இறங்குகிறது என்பதில்தான் பயணத்தின் சுகதுக்கம் அடங்கியிருக்கிறது. கடலைப் பகல் முழுவதும் மேல்தளத்தில் நின்று தனிக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். இரவு திரும்ப வேண்டியது அந்தக் கட்டிலுக்குத்தான்.

மேல்நாட்டில் கப்பல் அறை என்றால் பெரும்பாலும் ஒரு தம்பதி. நம்மவர்கள் கிளம்பினால் பாட்டி, மகன், மருமகள், பேரக்குழந்தைகள் என்று ஒரு சிறு ஊர்வலம். அப்பாவின் அறுபதாம் கல்யாணம், அம்மாவின் நெடுநாள் ஆசை, பள்ளி விடுமுறை என்று ஏதாவது காரணம் இருக்கும். சேர்த்துவைத்த பணத்தில் ஆயுளில் ஒருமுறை போகிற பயணம். மூட்டுவலிக்காரப் பாட்டிக்கு ஏணிப்படி ஏற வேண்டிய மேல்படுக்கை கிடைத்தால், அந்த விருந்தும் நாட்டியமும் நீச்சல்குளமும் யாருக்காக?

படுக்கைக்கும் கப்பலுக்குமான இந்தக் கணக்கு தமிழர்களுக்குப் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் போனவர்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள். அவர்களுக்கு அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாய் விரித்த இடமே படுக்கை. முதலில் ஏறி, காற்று வரும் மூலையாகப் பார்த்துப் பாயைப் போட்டவர் பாக்கியசாலி. அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல்களில் இந்தக் கணக்கு வகுப்புகளாகவே பிரிந்திருக்கிறது. நான்கௌரி, ஸ்வராஜ் தீப் போன்ற கப்பல்களில் டீலக்ஸ் அறை என்றால் இருவர். வகுப்பு இறங்க இறங்க ஒரே அறையில் ஆள் கூடும். கடைசியில் வருவது பங்க் வகுப்பு. பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புப் படுக்கைகள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய மூன்று நாள். அந்தப் பயணிகளுக்குத் தாங்கள் வாங்குவது ஒரு படுக்கை என்பது தெளிவாகத் தெரியும். சொகுசுக் கப்பலில்தான் அது மறந்துபோகிறது. விளம்பரப் படத்தில் வெள்ளை விரிப்பும், அதன்மேல் துண்டை மடித்துச் செய்த அன்னமும் இருக்கும். கட்டிலின் அளவு இருக்காது.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய்வந்தது. மழைக்காலத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும். அப்போது மும்பையிலிருந்து ஓட்ட முடியாத கப்பல், அந்த மாதங்களில் சற்று அமைதியாக இருக்கும் சென்னைப் பக்கம் வந்தது. அது பிரான்சில் கட்டப்பட்டு, 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ஓடத் தொடங்கியது. பால்கனி அறைகள் பெருகுவதற்கு முந்தைய தலைமுறைக் கப்பல் என்பதால் அதில் பால்கனி குறைவு, உள்ளறைகள் அதிகம். சிறிய உள்ளறை சுமார் 120 சதுர அடி. நடுத்தரக் குடும்பத்தின் படுக்கையறை அளவுதான். ஆனால் குளியலறையும் அலமாரியும் அதற்குள்ளேயே அடக்கம்.

இத்தனை சிறிய இடத்தில் எத்தனை பேரைப் படுக்கவைப்பது என்பதுதான் கப்பல் கட்டுகிறவர்களின் தலைவலி. அதற்கு அவர்கள் கண்ட வழிகள் சில. முதலாவது, இரண்டு ஒற்றைக் கட்டில்கள். தனித்தனியே போட்டால் நண்பர்களுக்கு, அல்லது அம்மாவுக்கும் மகளுக்கும். சேர்த்துப் போட்டால் தம்பதிக்கு. அறையைப் பராமரிக்கும் பணியாளரிடம் முன்னதாகச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். இரண்டாவது, பழைய கப்பல்கள் சிலவற்றில் இரண்டு கட்டில்களும் மூலையில் 'ட' எழுத்துப்போல மடங்கி நிற்கும். அவற்றைத் தரையோடு பிணைத்திருந்தால் யார் சொன்னாலும் நகராது. புதுமணத் தம்பதிகள் கதவைத் திறந்ததும் முகம் வாடுவது இங்கேதான். மூன்றாவது, பகலில் சோபா, இரவில் படுக்கை. நான்காவது, சுவரிலோ கூரையிலோ மடங்கிக் கிடந்து இரவில் இறங்கும் மேல்படுக்கை. இதற்குப் புல்மன் என்று பெயர். ரயில் பெட்டிகளில் மடங்கும் படுக்கையைப் பிரபலமாக்கிய அமெரிக்கர் ஜார்ஜ் புல்மனின் பெயர் கப்பலிலும் ஒட்டிக்கொண்டது.

கப்பல் கம்பெனிகள் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் கப்பலின் கொள்ளளவைக் கணக்கிடுகின்றன. மூன்றாவது, நான்காவது ஆள் ஏறினால் கப்பல் நூறு சதவீதத்துக்கு மேல் நிரம்பியதாகக் கணக்கு வரும். அதனால் அவர்களுக்கு டிக்கெட்டில் சலுகையும் பல சமயம் கிடைக்கும். நான்கு பேரை ஒரே அறையில் அடைத்தால் மிச்சம் என்று குடும்பத் தலைவர் கணக்குப் போடுவது இதனால்தான். தனியாகப் போகிறவர் கதை நேர்மாறு. கட்டில் ஒன்று காலியாகக் கிடந்தாலும் பெரும்பாலும் இரண்டு பேர் காசு கேட்பார்கள்.

ரயிலில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும், இடம் இருந்தால், கீழ்படுக்கையை அதுவே ஒதுக்க முயல்கிறது. கிடைக்காவிட்டாலும் "தம்பி, பெரியவங்களுக்குக் கொஞ்சம் கீழ பெர்த் கொடுக்கிறீங்களா?" என்று எதிர் இருக்கைக்காரரிடம் கேட்கலாம். கப்பலில் இரண்டும் நடக்காது. கம்பெனி விற்பது அறையைத்தான். அதற்குள் யார் மேலே, யார் கீழே என்பது குடும்பத்தின் விவகாரம். நான்கு பேர் அறையில் தரையில் இரண்டே கட்டில்கள் என்றால், பாட்டி தாத்தாவோடு மகனும் மருமகளும் போனால் மேலே ஏறப் போவது யார்? மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். மாமனார் கீழே குறட்டைவிட, மருமகள் நைட்டியோடு ஏணியில் ஏறி இறங்கும் சங்கடத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. நடு இரவில் இருட்டில், ஆடும் தரையில் அந்த ஏணியில் இறங்குவது நடுவயதுக்காரருக்கே சோதனை. சின்னக் குழந்தைகளை மேலே படுக்கவைப்பதும் ஆபத்து.

இதற்கு ஒரு மாற்று உண்டு. ஒரே அறையில் நால்வருக்குப் பதில் நடுவே கதவு வைத்து இணைத்த இரண்டு சிறிய உள்ளறைகள். ஜன்னலை விட்டுக்கொடுத்தால் பல சமயம் ஒரு பால்கனி அறையின் செலவிலிருந்து அதிகம் விலகாமல் இதை முடிக்கலாம். நான்கு பேருக்கும் தரையில் கட்டில், இரண்டு குளியலறைகள், கூப்பிட்டால் கேட்கும் தூரம். மூன்று தலைமுறைக் குடும்பத்துக்குக் கடல் தெரியும் கண்ணாடியைவிட அந்த நடுக்கதவுக்கு மதிப்பு அதிகம்.

அறைக்குள் கட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். பல கப்பல்களில் ஒரே ரக, ஒரே விலை அறைகளில்கூட ஒன்றில் கட்டில் பால்கனிப் பக்கம் இருக்கும். அடுத்ததில் குளியலறைப் பக்கம். பால்கனிப் பக்கக் கட்டிலில் விழித்ததும் கடல் தெரியும். ஆனால் இரவில் இருமுறை எழுந்துபோக வேண்டிய சர்க்கரை நோயாளி, சோபாவையும் மேசையையும் சுற்றித் தடவிக்கொண்டு நடக்க வேண்டும். அவருக்குக் குளியலறைப் பக்கக் கட்டில் நல்லது. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு தடுப்புப் படி இருப்பதும் வழக்கம். தூக்கக் கலக்கத்தில் கால் தட்டும். மூச்சுக் கருவி வைத்துத் தூங்குகிறவர்கள் கட்டிலருகே மின்சார பிளக் உண்டா என்று கேட்டுவைப்பது அவசியம். இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டால் நடுவே ஒரு பிளவு இருக்கும். குழந்தையை நடுவில் படுக்கவைக்கும் நம் வழக்கத்துக்கு அது ஒத்துவராது. மேலே விரிக்க ஒரு மெத்தைத் தகடு கேட்டால் சில கப்பல்களில் கொடுப்பார்கள்.

வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். கப்பலில் அது செல்லாது. திசை மாறிக்கொண்டே போகும். ஆனால் கப்பலின் உடலை வைத்துப் பார்த்தால் தலைமாட்டுக்கு அர்த்தம் உண்டு. கப்பலின் நீளவாக்கில் படுத்தவரை, கப்பல் இடவலமாகச் சாயும்போது தொட்டில்போல் அது உருட்டும். குறுக்குவாக்கில் படுத்தவருக்குத் தலை ஒருமுறை மேலே, கால் ஒருமுறை மேலே. நவீன கப்பல்களில் நீருக்கடியில் துடுப்புபோல நீண்டிருக்கும் நிலைப்படுத்திகள் இந்தச் சாய்வைக் குறைக்கின்றன, முழுதாக நிறுத்துவதில்லை. மீனவர்கள் சொல்லும் அணியத்திலும் அமரத்திலும், அதாவது முனையிலும் பின்கோடியிலும், ஏற்ற இறக்கம் அதிகம். தளம் உயர உயரச் சாய்வும் அதிகம். குமட்டல்காரருக்கு உகந்தது கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். அவை பெரும்பாலும் விலை குறைந்த அறைகள் என்பது அதிர்ஷ்டம்.

தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாக் கப்பல்களுக்கும் தள வரைபடம் உண்டு. மேல்படுக்கை உள்ள அறை, சோபா படுக்கை உள்ள அறை, இணைப்புக் கதவு உள்ள அறை என்று ஒவ்வொன்றுக்கும் அதில் குறியீடு இருக்கும். அதே தாளில் மேல்தளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கட்டிலுக்கு மேலே நடன அரங்கமா, நாற்காலிகளை இழுக்கும் நீச்சல்குளத் தளமா, இன்னொரு தூங்கும் அறையா என்பது தெரிந்துவிடும். மேலும் கீழும் அறைகளே உள்ள அறைதான் நிம்மதி. இணைப்புக் கதவு சொந்தக் குடும்பத்துக்கு வரம். அடுத்த அறையில் அந்நியர் என்றால் அவர்கள் பேச்சு முழுவதும் இந்தப் பக்கம் வரும்.

மலிவான டிக்கெட்டில் ஒரு கொக்கி உண்டு. ரகத்தை மட்டும் உறுதி செய்து, அறை எண்ணைக் கம்பெனியே பின்னால் முடிவு செய்யும் டிக்கெட் அது. இளைஞர்களுக்குச் சரி. முதியவரோடு போகிறவர் அதை வாங்கினால், மிச்சமான காசோடு கட்டிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போய்விடும். கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றும் நம்ப முடியாது. ஆபத்து வந்தால் ஒவ்வொரு பயணிக்கும் உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும். அந்தக் கணக்கு நிரம்பிவிட்டால், அறையில் மேல்படுக்கை காலியாகக் கிடந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க மறுப்பார்கள்.

ஆகவே பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை ஐந்து. அறை எண் என்ன? தரையில் நிற்கும் கட்டில்கள் எத்தனை? அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் முடியுமா? கட்டில் குளியலறைப் பக்கமா, ஜன்னல் பக்கமா? மேலும் கீழும் என்ன இருக்கிறது? பதில் தெரியாவிட்டால் கம்பெனியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லலாம். அதற்குத்தான் அவருக்குக் கமிஷன். வந்த பதிலை எழுத்தில் வாங்கிவைப்பது இன்னும் நல்லது. வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கும். பாட்டியிடம் கேட்டால் எங்கே படுத்தாலும் சரி என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை மட்டும் நம்பிப் பதிவு செய்ய வேண்டாம்.