வாசலுக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

மைசூருக்கு வந்த புதிதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த கன்னடச் சொற்களில் ஒன்று ‘மதகட்டெ’. ஒரு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தது. ஏதோ மடம், கோயில் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாக்குச்சாவடி என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். கன்னடத்தில் வாக்குக்கு ‘மத’ என்று பெயர். கருத்து என்பது அதன் பழைய பொருள். சம்மதம் என்று நாம் சொல்வதிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஓட்டு என்றால் கருத்து. அதைக் கேட்டு வருகிறவருக்கும் ஒரு கருத்து இருக்க வேண்டுமே என்று அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம்.

*

ஹெப்பாள் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள், “அந்த மேம்பாலம் பக்கமா?” என்பார்கள். அது பெங்களூரு ஹெப்பாள். இது மைசூரின் வடமேற்கு ஓரம். இன்ஃபோசிஸின் பெரிய பயிற்சி வளாகம், தொழிற்பேட்டை, வெளிவட்டச் சாலை, தூர்வாரிச் சீராக்கிய ஏரி, இவற்றுக்கு நடுவே பழைய ஊர். சாமராஜா சட்டமன்றத் தொகுதி. 2013இல் காங்கிரசின் வாசு, 2018இல் பா.ஜ.க.வின் நாகேந்திரா, 2023இல் காங்கிரசின் ஹரீஷ் கௌடா. மூன்று தேர்தலிலும் ஆளை மாற்றிய தொகுதி. இப்படிப்பட்ட இடத்தில் வாக்காளர் ஒரு கேள்வி கேட்டால் யாரும் உதறிவிட்டுப் போக முடியாது. கேட்கத்தான் வேண்டும்.

2023 ஏப்ரல் வெயிலில் ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் கேட்டது தண்ணீர் விடும் நேரத்தை. எங்கள் தெருவில் மற்றவர்கள் கேட்டது சாக்கடை, தெருவிளக்கு, கத்தா என்னும் சொத்துப் பதிவு. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் இவை பெரும்பாலும் மாநகராட்சி உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை. சட்டம் இயற்றப் போகிறவரிடம் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கினேன்.

*

வேட்புமனு கொடுக்கும் ஒவ்வொருவரும் தேர்தல் அலுவலர் முன் நின்று ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். வென்ற பிறகு அவையில் எடுப்பது வேறு. இது போட்டியிடுவதற்கே தேவையானது. அரசமைப்புச் சட்டத்தின் 173ஆம் பிரிவு கேட்கிறது. வாசகம் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. கடவுளின் பெயரால் என்றோ, உளமார என்றோ சொல்லலாம். அரசமைப்பின் மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்பது அதன் சாரம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஊர்வலமும் மாலையும் படத்தில் வரும், இந்த அரை நிமிடம் பெரும்பாலும் வராது.

இந்த உறுதிமொழி 1950இல் வேட்பாளருக்குக் கிடையாது. 1963இல் 16ஆவது திருத்தத்தில்தான் வந்தது. வரக் காரணம் தமிழ்நாடு. 1962இல் அண்ணா மாநிலங்களவையில் தம் முதல் பேச்சிலேயே சுயநிர்ணய உரிமையைக் கேட்டார். திராவிட நாட்டுக் கோரிக்கை தில்லியை அசைத்தது. பிரிவினை பேசுகிறவர் தேர்தலில் நிற்கவே முடியாதபடி திருத்தம் கொண்டுவந்தார்கள். அதே திருத்தம்தான் 19ஆம் பிரிவில் பேச்சுரிமைக்கான வரம்புகளில் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் சேர்த்தது. தி.மு.க. அதே ஆண்டில் பிரிவினைக் கோரிக்கையைத் தன் கட்சி விதியிலிருந்து எடுத்தது. 1967இல் ஆட்சிக்கு வந்தது.

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஒரு கட்சி தன் மூலக் கோரிக்கையையே விடும் அளவுக்கு அன்று அந்த வாசகத்துக்குக் கனம் இருந்தது. சொன்னால் அதன்படி நடக்க வேண்டும் என்று ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் நம்பினார்கள். இன்று அதே வாசகத்தைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறவரிடம், “எந்த உரிமையைக் காக்கப் போகிறீர்கள்?” என்று கேட்க ஆள் இல்லை.

*

வேட்புமனுவோடு தர வேண்டிய படிவம் 26. சொத்து, கடன், வருமான வரிக் கணக்கு, நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், படிப்பு. இவை எல்லாம் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது; தெரிந்துகொள்வது 19ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்றது. எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது என்று 2013இல் சொன்னது. அருமையான ஏற்பாடு, போராடிப் பெற்றது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

மனைவியிடம் எத்தனை கிராம் தங்கம் இருக்கிறது என்பது வரை அதில் உண்டு. நள்ளிரவில் ஒருவரை வீடு புகுந்து இழுத்துப்போனால் வேட்பாளர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதற்குக் கட்டம் இல்லை. அதை எந்தப் படிவத்திலும் கேட்க முடியாது. ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

*

எம்.எல்.ஏ.வுக்கும் அரசமைப்புக்கும் என்ன சம்பந்தம், அது தில்லி விவகாரம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அடிப்படை உரிமை பறிபோவது பெரும்பாலும் காவல் நிலையத்தில். காவல், சிறை, பொது ஒழுங்கு மூன்றும் ஏழாம் அட்டவணைப்படி மாநிலத்தின் பொறுப்பு. கூட்டாட்சி அமைப்பைத் தொடும் திருத்தம் என்றால் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்ப வேண்டும்; ஜி.எஸ்.டி.க்கு அப்படித்தான் நடந்தது. நம் தெருவில் கைகூப்பி வருகிறவர் அந்த ஒப்புதலுக்குக் கை தூக்கப் போகிறவர்.

*

2024 ஜூலை. தொழிற்பேட்டை டீக்கடைகளில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 விழுக்காடு, மற்றவற்றில் 70 விழுக்காடு உள்ளூராருக்கு என்று ஒரு மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. உள்ளூரார் என்றால் மாநிலத்தில் பிறந்து, 15 ஆண்டு வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர். எதிர்ப்பு வந்ததும் ஜூலை 17இல் நிறுத்திவைத்தார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: “அண்ணே, எம் பொண்ணு இங்கதான் பொறந்தா, கன்னட மீடியம் படிக்கிறா. அவ உள்ளூரா, வெளியூரா?” அந்த வரையறைப்படி மகள் ஒருநாள் உள்ளூர், அப்பா எப்போதும் வெளியூர். ஒரே வீட்டுக்குள் கோடு விழுகிறது.

நாட்டில் எங்கும் போய்க் குடியிருக்கவும் தொழில் செய்யவும் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. அரசு வேலைக்கே குடியிருப்பை நிபந்தனையாக்கும் அதிகாரத்தை 16ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. அரியானா இதேபோல் கொண்டுவந்த 75 விழுக்காட்டுச் சட்டத்தைப் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது. எதிர்ப்பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பையனுக்கு அதே தொழிற்சாலையில் வேலை இல்லை என்றால் வயிறு எரியத்தான் செய்யும். அவனுக்குப் பயிற்சி கொடு, முன்னுரிமை கொடு. இன்னொருவன் உரிமையை வெட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. நம் தொகுதி வேட்பாளர் இந்த மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா? எந்தப் பதிலானாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அந்தத் தம்பிக்கு இங்கே ஓட்டு இல்லை. ஊரில் இருக்கிறது, பொங்கலுக்குப் போகும்போது ரேஷன் கார்டோடு சேர்த்து அதையும் சரிபார்த்துக்கொள்கிறான். ஓட்டு இல்லாதவன் வாசலுக்கு வேட்பாளர் வருவதில்லை. ஆனால் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவு ‘எந்த நபருக்கும்’ என்றுதான் சொல்கிறது. வாக்காளருக்கு என்று சொல்லவில்லை.

*

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த மறுநாளிலிருந்து பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி ஓடினார்கள். பழைய தமிழ்க் குடும்பங்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: தெருவில் கன்னடக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக் காப்பாற்றின. 2009 ஆகஸ்டில் பெங்களூரு அல்சூரில் 18 ஆண்டு மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டதும், சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டதும் அந்த நல்ல மனங்களுக்கு அரசுகள் காட்டிய மரியாதை.

ஆறு வற்றும் ஆண்டு மறுபடியும் வரும். அன்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதியில் எங்கே நிற்பார், கூட்டத்தின் முன்னாலா, வீட்டு வாசலிலா? மொழிச் சிறுபான்மையினர் தேர்தலுக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டிய வாக்குறுதி இது.

*

பொம்மை வழக்கு இந்த மாநிலத்தின் கொடை. 1989 ஏப்ரல், 19 உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதாகக் கடிதங்கள் ஆளுநரிடம் போயின. இரண்டே நாளில் அவர்களில் ஏழு பேர் தாங்கள் ஏமாற்றப்பட்டுக் கையெழுத்திட்டதாகச் சொன்னார்கள். அவையில் பலத்தைக் காட்டுகிறேன் என்றார் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை. விடவில்லை. ஏப்ரல் 21இல் ஆட்சி கலைக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 1994 மார்ச் 11இல், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து சொன்னார்கள்: பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றம், ஆளுநர் மாளிகை இல்லை. மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கட்டுமானத்தில் சேர்ந்தது என்றும் சொன்னார்கள். அந்த அமர்வில் தமிழ்நாட்டின் இரத்தினவேல் பாண்டியனும் இருந்தார். 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை ஆட்சி கலைந்ததைப் பார்த்த நமக்கு இந்தத் தீர்ப்பின் அருமை நன்றாகவே தெரியும்.

ஆட்சியைக் கலைப்பது கடினமானதும் ஆள் தாவுவது வழியானது. 2019இல் இங்கே 17 உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் நீக்கத்தை உறுதி செய்தது, மறுபடி போட்டியிடத் தடை இல்லை என்றது. டிசம்பர் இடைத்தேர்தலில் மாநிலம் முழுக்க 15 தொகுதிகளில் 12 பா.ஜ.க.வுக்குப் போனது. மைசூரு மாவட்டத்து ஹுணசூரில் கதை மாறியது. மதச்சார்பற்ற ஜனதா தளத்தில் வென்று, தாவி, பா.ஜ.க. வேட்பாளராக வந்த எச். விஸ்வநாத்தை அந்த மக்கள் தோற்கடித்தார்கள். அரசமைப்பைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்காமலே எடுத்த முடிவு அது. எனக்கு அந்த ஊர் மேல் தனி மரியாதை.

*

2024 செப்டம்பர் 15, மக்களாட்சி நாள். பீதரிலிருந்து சாமராஜநகர் வரை 2,500 கிலோமீட்டர் மனிதச் சங்கிலி. அரசமைப்பின் முகப்புரையைக் கன்னடத்தில் பிள்ளைகள் உரக்கப் படித்தார்கள். கேட்க நெஞ்சு நிறைந்தது. ‘நாவு’, அதாவது நாம், என்று சொல்லும்போது அதில் நானும் உண்டு.

அதே மைசூரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிந்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது 243யு பிரிவு. ஈராண்டு கழிந்தும் நடக்கவில்லை. கடைசியாக நாங்கள் மாநகராட்சிக்கு வாக்களித்தது 2018 ஆகஸ்ட் 31. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் எம்.எல்.ஏ.வைத் தேடிப் போகிறோமே, இப்போது அதற்கு இதுவும் ஒரு காரணம். முகப்புரை படித்த கையோடு தேர்தலை நடத்துவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. இதில் கட்சி பேதம் இல்லை. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்தது. அதற்குப்பின் இரு கட்சி ஆட்சியிலும் மன்றத் தேர்தல் தள்ளிக்கொண்டே போனது.

*

மக்கள் முன் அரசு கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1881 தசராவில் மைசூரில் பிரஜா பிரதிநிதி சபை முதல் முறையாகக் கூடியது, 144 பேர். ஏற்பாடு செய்த திவான் ரங்காசார்லு நம் செங்கல்பட்டுப் பக்கத்தவர். நகர மண்டபத்துக்கு அவர் பெயர்தான். அன்று வந்த நிலக்கிழார்களுக்கும் வணிகர்களுக்கும் சட்டம் செய்யும் அதிகாரம் இல்லை. கேட்கவும் குறை சொல்லவும் மட்டும் முடியும். அந்த இடத்திலிருந்து ஒரு தொழிலாளிக்கும் ஒரு ஓட்டு என்ற இடத்துக்கு வர எழுபது ஆண்டு ஆனது.

ஊருக்குள் ராமசாமி சர்க்கிள் என்று ஒரு நாற்சந்தி. பேருந்தில் தினமும் அந்தப் பெயரைக் கூவுவார்கள். ராமசாமி ஒரு பள்ளி மாணவன். 1947 செப்டம்பரில், நாடு விடுதலை பெற்று ஒரு மாதம் ஆகியும் மைசூரில் மக்களாட்சி வரவில்லை. பொறுப்பாட்சி கேட்டு ‘மைசூரு சலோ’ போராட்டம் நடந்தது. அதில் சுடப்பட்டு இறந்தான். அடுத்த மாதமே கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை வந்தது.

*

அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2028 மே மாதத்துக்குள். வேட்பாளர் கைகூப்பி வாசலுக்கு வரும்போது தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், விட வேண்டாம். கூடவே இவற்றையும் கேளுங்கள்: மாநகராட்சித் தேர்தல் எப்போது? உள்ளூர் வேலை மசோதாவில் உங்கள் கை எந்தப் பக்கம்? கட்சி மாறினால் பதவியை விட்டுவிட்டு எங்களிடம் மறுபடி வருவீர்களா? காவிரியில் தண்ணீர் குறைகிற ஆண்டில் எங்கள் தெருவுக்கு வருவீர்களா? பதிலைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கன்னடத்திலேயே கேளுங்கள்.