கல்லாற்றங்கரையில் இரு கைபேசிகள்

பிழைப்பை நாடி மலையாள நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து பொன்முடி மலையின் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். நான் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதி வாழ்கிறேன். என் தமக்கை மட்டும் மலையை விட்டு முற்றும் இறங்கவில்லை. அடிவாரமாகிய கல்லாற்றிலேயே தங்கிவிட்டாள். கணவரை இழந்த பின் சாலையோரத்தில் சிறு தேநீர்க்கடை ஒன்றை நடத்தி, தன் ஒரே மகளைக் கோயம்புத்தூரில் செவிலியர் படிப்புக்கு அனுப்பினாள்.

கல்லாற்றைக் காணாத நேயர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள் தொடங்குவதற்கு முன் இருப்பது இவ்வூர். பெயருக்கேற்ப ஆறு முழுவதும் உருண்ட கற்கள். மழை வலுத்தால் அந்தத் தெளிந்த நீர் ஒரு நாழிகைக்குள் காட்டு வெள்ளமாக மாறிவிடும். நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை ஏடின்றி நினைவிலிருந்தே செய்வதாகப் புகழ் பெற்று, 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற காணி இனத்து மூதாட்டி லட்சுமிக்குட்டி இக்காட்டில் வாழ்பவர்தாம். அவருடைய நினைவுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. நம்முடைய நினைவும் உறவும் கைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டபடியால் நமக்கு அது வேண்டியிருக்கிறது.

2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு. மூன்று நாள் மழையில் மரம் விழுந்து கல்லாற்றில் மின்சாரம் அறுந்திருந்தது. நள்ளிரவில் என் கைபேசி ஒலித்தது. கோயம்புத்தூரிலிருந்து என் மருமகளின் விடுதித் தோழி பேசினாள். "மாமா, அவளுக்குக் கடுமையான வயிற்றுவலி. குடல்வால் அழற்சி என்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு வீட்டாரின் சம்மதம் கேட்கிறார்கள். அம்மாவின் போன் பத்து மணியிலிருந்து அணைந்தே இருக்கிறது" என்றாள். நான் சம்மதம் சொன்னேன். விடியுமுன் தம்பானூரில் பேருந்து ஏறினேன்.

கடையின் முன்னே குடையோடு இறங்கிய என்னைக் கண்டதும் அக்காளின் முகம் வெளுத்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிள்ளை நலமாக இருக்கிறாள் என்பதையும் சொன்னேன். அவள் அடுப்பங்கரைக்குச் சென்று கைபேசியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். "நீ கொடுத்ததுதான், தம்பி. சாயங்காலம் பாதிக்கு மேல் இருந்தது. அரை மணி நேரம் டார்ச் விளக்குப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டது" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அந்தச் சொல்லாமைதான் என்னைச் சுட்டது.

ஏனெனில் அது நான் நான்காண்டுகள் பயன்படுத்திய கருவி. புதியது வாங்கியபோது, பழையதைத் துடைத்து, உறை மாற்றி, "அக்காளுக்கு" என்று பெருமையோடு கொடுத்திருந்தேன். அதன் மின்கலம் நைந்து போயிருந்தது எனக்குத் தெரியும். நகரத்தில் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் மின்சாரம் இருந்ததால் அதை நான் ஒரு குறையாகவே எண்ணவில்லை.

இம்முறை நல்ல கருவி ஒன்று வாங்கித் தருவதென்று முடிவு செய்தேன். எதை வாங்குவது? எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். என்னிடம் இருந்தது சாம்சங் கேலக்ஸி எம்31; என் மகனிடம் இருந்தது ரெட்மி நோட் 9 ப்ரோ. இரண்டும் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் வெளிவந்தவை. ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாங்கள் வாங்கியவை. எது சிறந்தது என்ற வழக்கு அன்றாடம் நடக்கும். "கடையில் பேசி என்ன பயன்? கல்லாற்றிலேயே தீர்ப்புச் சொல்லட்டும்" என்று மகனையும் அழைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை புறப்பட்டேன். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் சிம் போட்டு, முழுதும் சார்ஜ் ஏற்றிக்கொண்டோம்.

முதலில் ஏட்டுக் கணக்கைச் சொல்கிறேன். எம்31-இன் மின்கலம் 6000 மில்லி ஆம்பியர் மணி. நோட் 9 ப்ரோவினுடையது 5020. அதாவது ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு. 6000 என்பது எவ்வளவு என்று அக்காள் கேட்டாள். "ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைச் சுமார் இரண்டரை மணி நேரம் எரிக்கலாம், அத்தை" என்றான் மகன். அவ்வளவு சிறு சேமிப்பை வைத்துக்கொண்டுதான் நாம் ஒரு நாள் முழுவதும் பேசுகிறோம், பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம் என்பதை நானும் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

திரையிலும் வேறுபாடு உண்டு. என்னுடையது 6.4 அங்குல அமோலெட் வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். கரிய இடத்தில் புள்ளி அணைந்திருக்கும். அங்கே மின்செலவு ஏறக்குறைய இல்லை. மகனுடையது 6.67 அங்குல எல்.சி.டி. வகை. அதில் திரையின் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கரிய படமானாலும் வெள்ளைப் படமானாலும் செலவு ஒன்றே. இரவுக் காட்சிகள் நிறைந்த திரைப்படத்துக்கு முன்னது சிக்கனம். வெள்ளைத் தாள்போன்ற பக்கங்களையே நெடுநேரம் படிப்பவருக்கு அந்தச் சிக்கனம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

மாலை ஆறு மணிக்குச் சோதனையைத் தொடங்கினோம். முன்பே பதிந்து வைத்திருந்த ஒரே திரைப்படத்தை இரண்டிலும் இரண்டு மணி நேரம் ஓட்டினோம். கறுப்பின் ஆழம் என்னுடையதில் அழகாக இருந்தது. அக்காள் என்னவோ மகனுடையதையே கையில் எடுத்தாள். "இதில் எழுத்துப் பெரிதாகத் தெரிகிறது. எனக்குக் கண்ணாடி தேட வேண்டாம்" என்றாள். எனக்குச் சிறிது ஏமாற்றந்தான்.

ஒலியைக் கேட்கும்போது ஆறு குறுக்கே வந்தது. பெருகி ஓடும் கல்லாற்றின் இரைச்சலில் இரண்டு கருவிகளின் சிற்றொலிபெருக்கியும் தோற்றன. அக்காள் ஒரு வெறும் எவர்சில்வர் செம்பை எடுத்து, அதனுள் கைபேசியைத் தலைகீழாக நிறுத்தினாள். பாட்டு கணீரென்று எழுந்தது. மகன் வாய்விட்டுச் சிரித்தான். விலைப்பட்டியலில் காணாத ஒரு வசதி, தேநீர்க்கடைப் பலகைமேல் இருந்தது.

பிறகு கோயம்புத்தூருக்கு முகம் பார்த்துப் பேச முயன்றோம். மலைமடிப்பில் டவரின் வலிமை கூடுவதும் குறைவதுமாக இருந்தது. படம் உறைந்து நின்றது. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு கருவிகளும் சூடேறின. காரணம் எளியது. கோபுரம் தொலைவில் இருந்தால் கைபேசி உரக்கக் கூவவேண்டும். கூவுவதற்குச் சக்தி வேண்டும். பதில் கிடைக்காதபோது மீண்டும் மீண்டும் தேடும். நகரத்தில் இரண்டு நாள் நிற்கும் மின்கலம் மலையடிவாரத்தில் ஒரு நாளில் இளைப்பது இதனால்தான்.

அரை மணி நேரம் டார்ச் விளக்கையும் எரியவிட்டு, இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டு உறங்கினோம். விடியற்காலை ஆறு மணிக்குப் பார்த்தால் என்னுடையதில் 66 விழுக்காடு, மகனுடையதில் 58. "எட்டுதானே வித்தியாசம்!" என்றான் அவன். "அப்படியன்று. என் நூறும் உன் நூறும் ஒன்றா? என் ஒரு விழுக்காடு அறுபது, உன்னுடையது ஐம்பது" என்றேன். அவன் கணக்குப் போட்டான். புதிய நிலையின் அளவுப்படி, என்னிடம் எஞ்சியது 3900-க்கு மேல். அவனிடம் 2900 சொச்சம். இரண்டாண்டுத் தேய்மானத்தைக் கழித்தாலும் வேறுபாடு பெரிதுதான்.

ஆயினும் அவன் பக்கமும் நியாயம் இருந்தது. அவனுடைய சார்ஜர் 18 வாட், என்னுடையது 15. பெரிய தொட்டியைச் சிறிய குழாயால் நிரப்ப நேரமாகும். மின்சாரம் ஒரு மணி நேரம் வந்து போகும் ஊரில் விரைவாக நிரம்புவதும் ஒரு பலமல்லவா? நாள்தோறும் மின்சாரம் வரும் வீட்டுக்கு அவன் வாதம் பொருந்தும். மூன்று நாள் வராத வீட்டுக்குத் தொட்டியின் அளவுதான் பொருந்தும்.

தீர்ப்பை அக்காளிடம் விட்டோம். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "பெரிய எழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிள்ளையின் முகம் பார்ப்பது ஐந்து நிமிடம். அவள் கூப்பிடுவாளோ என்று காத்திருப்பது இரவு முழுவதும். விழித்திருக்கிற போனாக ஒன்று வாங்கிக் கொடு, தம்பி. எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறேன்."

அவ்வாறே 6000 அளவு மின்கலம் உள்ள புதிய கருவி ஒன்றை வாங்கித் தந்தேன். மழை இரவுகளில் திரையின் ஒளியைக் குறைப்பது, இணையத் தரவை நிறுத்திவைப்பது, டார்ச்சுக்கு வேறு விளக்கு வைத்துக்கொள்வது ஆகியவற்றை மகன் அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். விமானப் பயண நிலையில் வைத்தால் செலவு இன்னும் குறையும் என்றும் சொன்னான். "அப்போது பிள்ளை கூப்பிட்டால் கேட்குமா?" என்றாள். கேட்காது. அந்த யோசனை அத்துடன் நின்றது.

அந்த எம்31-உம் நோட் 9 ப்ரோவும் இன்று பழங்கதை. ஒன்று மட்டும் பழையதாகவில்லை. லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் கடைக்கு வந்தது. அதை ஆக்கித் தந்த குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய அருமையான படைப்புக்கும் மூப்பு உண்டு. பொதுவாக ஐந்நூறு முறை முழுதும் நிறைந்து வடிந்தபின் அதன் கொள்ளளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வெப்பம் மிகுந்தால் இன்னும் விரைவாகக் குறைகிறது. திரையைத் துடைத்தால் மூப்பு மறையாது.

குடிபெயர்ந்து வாழும் நம்மிடையே ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. நாம் புதியது வாங்கியதும் பழையதை ஊரிலிருக்கும் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ அனுப்பிவிடுகிறோம். தவறில்லை. ஆனால் அனுப்புமுன் புது மின்கலம் போட்டு அனுப்புங்கள். அதற்குரிய செலவு சிறிது. நமக்கு எந்நேரமும் மின்சாரம் உண்டு. இன்னொரு கைபேசியும் உண்டு. அவர்களுக்கு அது ஒன்றுதான் விளக்கு, அது ஒன்றுதான் வாசல்.

என் மருமகள் படிப்பை முடித்துவிட்டாள். இப்போது அவளுக்கு இரவுப் பணி. நள்ளிரவில் ஓய்வு கிடைக்கும்போது அம்மாவை ஒரு முறை அழைப்பாள். கல்லாற்றில் மழை பெய்யும் இரவுகளிலும் இரண்டாவது மணியொலிக்குள் அக்காள் எடுத்துவிடுகிறாள்.