25 வயது மாருதிக்கு 35,000 ரூபாய்

ஜூன் 9, 2024, ஞாயிறு

மாமனார் 1999-ல் வாங்கிய மாருதி 800 இனி எங்கள் பொறுப்பு. அவர் தவறிய பிறகு பெரம்பூர் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், யாரும் எடுக்காமல் நின்றிருந்த வண்டி. காயலான் கடைக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு 18,000 தருகிறேன் என்றார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விட, வீட்டுக்கு ஒரு கார் தேவைதான். புதுக்காருக்கு மாதத் தவணை கட்டும் நிலையில் நாங்கள் இல்லை.

ஆகஸ்டில் ஆர்.சி. முடிகிறது. 15 வருடம் கடந்த சொந்தக் காரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். வண்டி வேலைக்கென்று மிச்சம் 35,000.

செலவைத் தொடங்கும் முன் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். மெக்கானிக் பாய் மூன்று பிளக்கையும் கழற்றி, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு துளையிலும் வைத்துச் சுற்றவிட்டார். மூன்றிலும் 150-க்கு மேல். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. “எஞ்சின் நல்லா இருக்கு சார். மத்ததெல்லாம் காசு குடுத்தா வந்துடும்” என்றார். அந்த முள் 90-ல் நின்றிருந்தால் காயலான் கடைக்காரருக்குத்தான் போன் செய்திருப்பேன்.

இரவு நோட்டில் வரிசை எழுதினேன்: நிற்பது, திரும்புவது, சூடாகாமல் ஓடுவது, துருவை நிறுத்துவது, வெளிச்சம். பெயின்டுக்கு இந்தப் பணத்தில் இடமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பிரேக். பின் சக்கர டிரம்மைக் கழற்றியதும் ஷூ முழுக்க ஈரம். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் ஒதுக்கினால் உள்ளே தேங்கியிருந்த ஆயில் சொட்டியது. மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் இருந்தது டிகாஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். நெரிசலில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது உள்ளே ஆவி உண்டாகி, பெடல் தரை வரை போகும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

பின்னால் ஷூவும் இரண்டு வீல் சிலிண்டரும் புதிது. முன்னால் பேட் புதிது, டிஸ்க் தேயவில்லை. பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தோம். பையன் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, பாய் வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார்: “மிதி... மிதி... புடி!” நிப்பிளில் மாட்டிய கண்ணாடி டியூபில் முதலில் பழுப்பு, பிறகு குமிழி, பிறகு குமிழியே இல்லாத சுத்தமான ஆயில். கூலியோடு 4,200.

ஜூன் 22, சனி

டயர். பட்டன் தேயவே இல்லை, ஏன் மாற்ற வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2315. 2015-ன் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். ஒன்பது வயது ரப்பர். காற்றழுத்தத்தைக் கூட்டிவிட்டுப் பார்த்தால் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. ஓடாமல் வெயிலில் நின்ற வண்டியில் பட்டனை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

செகண்ட்ஹேண்ட் டயர் நான்கையும் 3,500-க்குப் போட்டுத் தருகிறேன் என்றார் ஒருவர். வேண்டாம் என்றேன். 12 இஞ்ச் டயர் இப்போது குறைவாகவே விற்பதால் கடையிலேயே பழசாகிக் கிடக்கும் சரக்கும் உண்டு. புது டயரிலும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். நான்கும் சேர்த்து 10,400. இந்தக் கணக்கிலேயே பெரிய தொகை இதுதான். அதில் எனக்கு மறுயோசனை இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

லோயர் ஆர்ம் புஷ், ஒரு பால் ஜாயின்ட், ஒரு டை ராடு எண்டு, வீல் அலைன்மென்ட். 3,600. பள்ளத்தில் இறங்கும்போது கேட்ட ‘டக்’ சத்தம் போய்விட்டது.

ஜூலை 7, ஞாயிறு

புதுப்பேட்டை. கூவத்தின் கரையோரம், வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு காரின் பாகம் தொங்கும் தெருக்கள். பின் விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், வைப்பர் மோட்டார் கேட்டேன். நான்கையும் ஒரே கடையில் கொடுத்தார்கள். மோட்டாரை அங்கேயே பேட்டரியில் கொடுத்து ஓட்டிக் காட்டினார் கடைக்காரர். மொத்தமே 1,100 ரூபாய். டிங்கர் வேலைக்கென்று ஒதுக்கியதில் இதைச் சேர்த்துக்கொண்டேன்.

இந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியை ஹர்பால் சிங் என்ற டெல்லிக்காரரிடம் கொடுத்தார். 2010 ஏப்ரலில் பி.எஸ்.4 விதி வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. முப்பது வருடத்தில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. இதே 796 சி.சி. எஞ்சின்தான் ஆம்னியிலும். ஆம்னி 2019 வரை வந்தது. ஆகவே எஞ்சின் சாமான்கள் இன்றும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் புதிதாகவே கிடைக்கின்றன. பழைய கார் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அபூர்வமான கார் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆனால் அதன் ஒரு சென்சாருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரே அளவுகோல்: அது உடைந்தால் என்ன ஆகும்? கைப்பிடி உடைந்தால் கதவு திறக்காது. பிரேக் ஹோஸ் வெடித்தால் வண்டி நிற்காது. பிரேக், ஸ்டீயரிங், டயர், ரப்பர் ஹோஸ், சீட் பெல்ட், இவை புதிதாக மட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

தெர்மோஸ்டாட் வால்வைத் தேடி அதன் மூடியைத் திறந்தால் உள்ளே வால்வே இல்லை! எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். “ஹீட் ஆகுதுன்னு வந்தா நம்ம ஊர்ல மொதல்ல இதைத்தான் சார் புடுங்குவாங்க” என்றார் பாய்.

இது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் வேர்விட்ட ஒரு தவறான பழக்கம், எழுதியே ஆக வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த வால்வு மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி சீக்கிரம் சூடேறும். 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்துகொள்ளும். வால்வைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே போய்வரும். எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்ட நெடுநேரமாகும். பெட்ரோல் சரியாக ஆவியாகாது, மைலேஜ் குறையும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும், தேய்மானம் கூடும். வண்டி சூடானதற்கு உண்மையான காரணம் அப்படியே இருக்கும்.

அந்தக் காரணம் ரேடியேட்டரில் இருந்தது. போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றியதில் குழாய்களில் பாதிக்கு மேல் உப்பு அடைத்திருந்தது. ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பிரித்து, ராடு விட்டுச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். புது வால்வை மாட்டும் முன் வீட்டு அடுப்பில் சோதித்தேன். நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரை அருகில் பிடித்தேன். 80 வரை அசைவில்லை. பிறகு நடுவிலிருந்த தட்டு மெல்ல எழும்பியது, 90-ஐத் தாண்டும்போது நன்றாகத் திறந்திருந்தது. அடுப்பை அணைத்துத் தண்ணீர் ஆறியதும் மூடிக்கொண்டது. டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றி, ஹோஸ்களையும் மாற்றியதில் 3,100.

ஜூலை 21, ஞாயிறு

பெட்ரோல் லைன். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 1999-ல் இந்த வண்டியின் ரப்பர் ஹோஸைச் செய்தவர்கள் அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. எத்தனால் பழைய ரப்பரை உப்பவைக்கும், பிறகு வெடிக்கவைக்கும். ஈரத்தையும் இழுக்கும். நின்ற வண்டியின் டேங்கில் தண்ணீர் அடியில் தங்கிவிடும். பழைய ஹோஸ் ஒன்றை வளைத்ததும் முறிந்து கையோடு வந்தது. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டேங்கைக் காலி செய்து கழுவினோம். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது கிளிப், புது ஃபில்டர் போட்டோம்.

கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, புது கிட் போட்டார் பாய். மூன்று பிளக், ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயிலும் மாற்றியாயிற்று. 4,300. மாலையில் புகைச் சோதனை. அந்தக் காலத்து வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. எங்களுடையது அதில் பாதிகூட இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

டிரைவர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினால் தரைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கீழே ரோடு தெரிந்தது. டிங்கர் கடையில் இரண்டு வழி சொன்னார்கள். ஃபைபர் ஷீட் ஒட்டி, பட்டி வைத்து, மேலே கறுப்பு அடித்துவிடுவது: 1,500. அழுகியதை வெட்டி எடுத்து, நல்ல தகடு வைத்து, சி.ஓ.2 வெல்டிங் செய்வது: 4,400. பட்டிக்குப் பின்னால் துரு தன் வேலையை நிறுத்தாது. இரண்டாவதைச் செய்யச் சொன்னேன்.

ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தகடு வைத்துப் பயனில்லை. வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜாலியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். இரு பக்கமும் வடிகால் வழியாக ரோட்டில் விழ வேண்டிய தண்ணீர், டேஷ்போர்டுக்கு அடியில் வழிந்து தரைக்கு வந்தது. வடிகாலில் கம்பியை விட்டு இழுக்க, மக்கிப்போன வேப்பிலையும் மண்ணும் கொத்தாக வந்தன. மறுபடி ஊற்றினேன். ரோட்டில் விழுந்தது. அந்தத் தரையைத் தின்றது அடைபட்ட வடிகால். மரத்தடியில் கார் நிறுத்துகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காசே ஆகாத வேலை.

புதுப்பேட்டைச் சாமானோடு சேர்த்து இந்தக் கணக்கு 5,500.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

செய்ததெல்லாம் பழுது நீக்கம். இன்றைய வேலை ஒன்றுதான் மேம்பாடு. ஹெட்லைட் மங்கல். எல்.இ.டி. பல்ப் போடச் சொல்பவர்கள் நிறைய. பழைய ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழைக்காக வடித்தது. அதில் எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் குத்தும்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 11.6. மிச்சமெல்லாம் 25 வருடப் பழைய மெல்லிய வயரிலும் ஸ்விட்சின் தேய்ந்த முனைகளிலும் வீணாகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்து, இரண்டு ரிலே மாட்டினோம். இப்போது ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்குகிறது. பல்பில் 13.4. அதே 60/55 வாட் பல்புதான். செலவு 900. இரவில் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தோம். ரோட்டோரம் நடந்து போகிறவர் முன்கூட்டியே தெரிகிறார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆர்.டி.ஓ. அலுவலகம். பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்து எடுத்த நகலோடு ஒப்பிட்டார், விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொன்னார், ஓட்டி நிறுத்திப் பார்த்தார். கட்டணமும் பசுமை வரியும் முன்பே கட்டியிருந்தோம். இன்னும் ஐந்து வருடத்துக்கு வண்டி ஓடலாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கணக்கு முடித்தேன். பிரேக் 4,200. டயர் 10,400. ஸ்டீயரிங் 3,600. கூலிங் 3,100. பெட்ரோல் லைனும் சர்வீஸும் 4,300. தரையும் பழைய சாமானும் 5,500. ஹெட்லைட் 900. ஆக 32,000. மிச்சம் 3,000 பேட்டரிக்கு இருக்கட்டும். வெளியே பெயின்ட் வெளிறித்தான் இருக்கிறது, பம்பரில் கீறலும் அப்படியே.

இதில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. நெடுஞ்சாலையில் விரட்ட இது வண்டி அல்ல. ஊருக்குள், நிதானமாக, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போய்வர இது போதும்.

பழைய காரைச் சரிசெய்ய இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: எஞ்சின் கம்ப்ரஷனையும் அடித்தகட்டையும் முதலில் சோதியுங்கள். இரண்டும் போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டும் தேறினால், எந்தச் சாமானையும் மாற்றும் முன் அது ஏன் கெட்டது என்று கண்டுபிடியுங்கள். பணத்தை பிரேக்கிலும் டயரிலும் முதலில் போடுங்கள். பெயின்ட் அடுத்த வருடப் போனஸில் அடித்துக்கொள்ளலாம்.